எருசலேம் கோயிலின் பாடகர்கள்

வழிபாட்டில் பூசகருக்குரிய இடத்தை அனைவரும் அறிவர். பாடுவோருக்குரிய இடம் யாது? பண்டைய இஸ்ரவேல் மக்களின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. அவர்களிடையே பாட்டு, வழிபாட்டுக்கு அணி செய்யும் அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை. முறையாக வகுக்கப்பட்ட திருப்பணியாகவே விளங்கிற்று.

எபிரேய மறைநூல்களுள் ஒன்றாகிய நாளாகமம், இப்பணியை ஏற்படுத்தியவர் தாவீது மன்னர் என்று கூறுகிறது. லேவி குலத்தைச் சேர்ந்த ஆசாப், ஏமான், எதுத்தூன் என்னும் மூவரின் குடும்பங்களிடம் இசை ஒப்படைக்கப்பட்டது. தேர்ந்த பாடகர் 288 பேர், பிரிவுக்கு 12 பேராக, 24 பிரிவுகளில் அமைந்தனர். ஆசிரியர், மாணவர் என்னும் வேறுபாடின்றிச் சீட்டுப் போட்டே முறை வகுத்தனர். இந்நூல் தாவீதின் காலத்திற்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. ஆதலால் பிற்கால வழக்கமும் இதில் கலந்திருக்கக் கூடும் என்பர் அறிஞர்.

அவர்கள் மீட்டிய நரம்புக் கருவிகளைத் தமிழ் விவிலியம் சுரமண்டலம், தம்புரு என்று பெயர்த்துள்ளது. உண்மையில் அவை யாழை ஒத்தவை என்று நாம் கொள்ளலாம். கைத்தாளமும் உடன் ஒலித்தது. வெள்ளி எக்காளங்களை ஊதும் உரிமை ஆசாரியர்க்கே உரியது.

கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமை அழித்தனர். மக்களுள் பலர் சிறைப்பட்டு அயல்நாடு சென்றனர். கி.மு. 538-இல் பாரசீக மன்னர் கோரேசு அவர்கள் திரும்ப இசைவளித்தார். திரும்பியோரின் பட்டியலை எஸ்றா நூலில் காண்கிறோம். அதில் ஆசாபின் வழியினரான பாடகர் 128 பேர் தனியே எண்ணப்பட்டுள்ளனர். பாடுவதற்குக் கோயிலே இல்லாத அரை நூற்றாண்டு கழிந்தும், பாடகர் என்னும் பெயரை அக்குடும்பம் இழக்கவில்லை! கி.மு. 515-இல் இரண்டாம் கோயில் நிறைவெய்தியது.

ஆயினும் பெயர் மட்டும் பசியாற்றுமா? கி.மு. 445-இல் ஆளுநராக வந்த நெகேமியா, நகர மதிலைப் புதுப்பித்து, இரு பாடகர் குழுக்களை அதன்மேல் நடத்தி விழா எடுத்தார். பின்னர் அவர் நகரில் இல்லாத காலத்தில் பாடகர்க்குரிய தானியப் பங்கு நின்றுபோயிற்று. அவர்கள் கோயிலை விட்டுத் தத்தம் வயல்களுக்குச் சென்றுவிட்டனர். மீண்டு வந்த நெகேமியா பாடகரைக் கடிந்துகொள்ளவில்லை; அதிகாரிகளையே கடிந்துகொண்டார். பண்டகசாலைக்கு நம்பிக்கைக்குரியோரை அமர்த்தி, பாடகரைத் திரும்ப அழைத்தார்.

கி.பி. 70-இல் ரோமானியர் இரண்டாம் கோயிலையும் அழித்தனர். அவர்கள் கவர்ந்து சென்ற எக்காளங்களின் உருவம் ரோமாபுரியில் டைட்டஸ் வளைவில் இன்றும் உள்ளது. கோயிலின் கருவியிசை அத்துடன் ஓய்ந்தது. மரபு வழுவாத யூத செபக்கூடங்களில் ஓய்வுநாளில் இசைக்கருவி ஒலிப்பதில்லை; 150 சங்கீதங்கள் அடங்கிய நூலே மனிதக் குரலில் வாழ்கிறது. நம் நாட்டில், கொச்சியில் 1568-இல் எழுந்த செபக்கூடமும் இம்மரபின் ஒரு கிளையே. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்திலும் சமயப் பாடல்கள் பாடிவந்தனர்.

பிறந்த மண்ணை விட்டு வாழும் எந்தச் சமூகமும் இவ்வரலாற்றில் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. இளையோர்க்குக் கற்பித்ததும், கற்பித்தோரின் குடும்பத்திற்கு உணவளித்ததுமே அப்பாட்டைக் காத்தன. கலையைப் போற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் நாம், கலைஞரின் களஞ்சியம் நிறைந்துள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும்.