அயல்மொழி நாட்டில் ஓய்வுக்காலம்: மேற்கு மாம்பலம்

பணி ஓய்வுக்குப் பின் தாய்மொழி வழங்காத நாட்டில் குடியேறுவது உலகின் பல பகுதிகளிலும் உள்ள வழக்கம். பிரிட்டிஷ் முதியோர் ஸ்பெயினின் கடலோர ஊர்களுக்குப் போவது வெயிலுக்காகவும் குறைந்த செலவுக்காகவும். ஊரைத் தேர்ந்தெடுப்பவர் ஓய்வுபெற்றவரே. சென்னை மேற்கு மாம்பலத்தில் இவ்வழக்கின் வடிவம் வேறு. இங்கிருந்து அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா செல்லும் முதியோர் பெரும்பாலும் பிள்ளைகளோடு இருக்கப் போகிறார்கள். ஊரை முடிவுசெய்வது பிள்ளையின் வேலை. அங்கே அவர்களுக்கு மொழி ஒரு தடை என்பது வெளிப்படை. அந்தத் தடையின் அளவை நிர்ணயிப்பது எவ்வளவு ஆங்கிலம் தெரியும் என்பதைவிட, துணையின்றி எத்தனை காரியங்களைச் செய்துகொள்ள முடியும் என்பதே.

மேற்கு மாம்பலம் நெடுங்காலமாக வங்கி, ரயில்வே, அரசு அலுவலக ஊழியர்கள் மிகுந்த பகுதி. முப்பது ஆண்டு ஆங்கிலத்தில் கோப்பு எழுதியவருக்கு அம்மொழி எப்படித் தடையாகும் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அலுவலக ஆங்கிலம் எழுத்தில் பழகியது. தொலைபேசியில் பதிவுக்குரல் கேட்கும் கேள்விக்கு உடனே விடை சொல்வதும், பழகாத உச்சரிப்பை மங்கிய செவியால் பின்தொடர்வதும் வேறு பயிற்சி. மருத்துவர் முன் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகிறது. குடைச்சல், குத்தல், விண்விண்ணென்று தெறித்தல், மதமதப்பு எனத் தமிழில் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர், ஆங்கிலத்தில் ‘பெயின்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, கூட்டரசு நிதி பெறும் மருத்துவமனைகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். எனினும் கூட வந்த மகனோ மருமகளோ பேசிவிட்டால், அவர்கள் முன் சொல்லக் கூசும் உபாதை சொல்லப்படாமலே போகலாம்.

அங்கும் தமிழர் இருக்கிறார்களே என்பது அடுத்த மறுப்பு. பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயிலும் நியூயார்க் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலும் 1970களிலேயே எழுந்தவை. ஆனால் மாம்பலத்தில் அயோத்தியா மண்டபத்து உபன்யாசம், லேக் வியூ சாலைப் பொதுநல மருத்துவமனை, ரயில் நிலையத்தை ஒட்டிய காய்கறிக் கடைகள் எல்லாம் நடந்தே போய்வரும் தொலைவில் உள்ளவை. அந்த நடையில்தான் அன்றாடப் பேச்சு நிகழ்கிறது. அமெரிக்கப் புறநகரில் கார் ஓட்டாதவருக்குக் கோயில் என்பது பிள்ளைக்கு ஒழியும் ஞாயிற்றுக்கிழமை. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருப்பதோடு ரயிலிலேயே பெரும்பாலான இடங்களுக்குப் போக முடிவதால், சிங்கப்பூரில் இத்தடை வெகுவாகக் குறைகிறது.

பிள்ளையைச் சார்ந்திருக்கும் நிலையைச் சட்டம் மேலும் கூட்டுகிறது. 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகன் பெற்றோருக்கு நிரந்தரக் குடியிருப்பு அட்டை கோரலாம். ஆனால் அங்கு வேலை செய்திராத பெற்றோர் 65 வயதுக்குப் பின் மெடிகேர் காப்பீட்டைக் கட்டணம் செலுத்திப் பெறுவதற்கே, பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். குடியுரிமைக்கான ஆங்கிலத் தேர்விலிருந்து வயதின் அடிப்படையில் விலக்குப் பெற, 55 வயதைக் கடந்தவர் நிரந்தரக் குடியிருப்பாளராக 15 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். 68 வயதில் போகிறவருக்கு அது 83இல் கிடைக்கும். கனடா 2011இல் கொண்டுவந்த ‘சூப்பர் விசா’ நீண்டகாலம் தங்க இடம் தருகிறது. மருத்துவக் காப்பீடு சொந்தச் செலவு.

மாம்பலத்திலேயே இருந்தாலும் தனிமைதான், இரவில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிடத் தாய்மொழி வராது என்பது வலுவான மறுப்பு. உடல் தளர்ந்து படுக்கையில் இருப்பவருக்குப் பிள்ளையின் அருகாமையே பெரிது. அவர் போவதே சரி. நடமாட்டம் உள்ளவரின் நிலை வேறு: அவர் பெறுவது அருகாமை, இழப்பது சுயேச்சை. ஆகவே வீட்டை விற்கும் முன் அவர் கணக்கிட வேண்டியது, போகும் ஊரில் தாமே நடந்து, தாமே பேசி, தாமே முடித்துக்கொண்டு திரும்பக்கூடிய காரியங்கள் எத்தனை என்பது.