கணுக்காலில் கருக்கும் தோல்

பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் நின்றபடியே துணி சரிபார்ப்பவர்கள், சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர்கள், கே.ஆர். மார்க்கெட்டில் விடியுமுன் கடை விரிப்பவர்கள் என்று பெங்களூரில் நின்றே பிழைப்பவர்கள் ஏராளம். இவர்களில் சிலருக்குக் கணுக்காலின் உட்புறம் மெல்லக் கருத்து, அரித்து, செதில் உதிரும். கரப்பான் என்று எண்ணிக் களிம்பு தடவிக்கொள்வார்கள். ஆனால் கோளாறு தொடங்கிய இடம் சிரை. அது வந்து சேர்ந்த இடமே தோலின் நுண்நாளங்கள்.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரசம். நடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே பிழிந்து தள்ளும், வால்வுகள் அதைத் திரும்ப விடாமல் தாங்கும், அழுத்தம் 30 அளவுக்கு இறங்கிவிடும். வால்வு பழுதானவருக்கு நடந்தாலும் அது போதிய அளவு இறங்குவதில்லை.

அந்த ஓயாத அழுத்தம் கடைசியில் தந்துகிகள் மேல் வந்து விடிகிறது. நலமான தோலில் ஒவ்வொரு தந்துகியும் கொண்டை ஊசிபோல் எழுந்து வளைந்து திரும்பும். நோயுற்ற தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை நீண்டு, விரிந்து, முறுக்கிச் சுருண்டு கொத்தாகக் கிடக்கும். சுவர் கசியும். வெளியேறிய சிவப்பணு சிதைந்து விட்டுச்செல்லும் இரும்புக்கு அந்தக் கருமையில் பெரும்பங்கு உண்டு.

1982இல் லண்டனைச் சேர்ந்த நார்மன் பிரௌஸும் கெவின் பர்னண்டும், கசிந்த ரத்தப் புரதம் ஃபைப்ரின் நாராக மாறித் தந்துகியைச் சுற்றி உறையாகப் படிந்து ஆக்சிஜனைத் தடுக்கிறது என்றார்கள். உறை இருப்பது உண்மை. அது ஆக்சிஜனைத் தடுக்கிறது என்பது பிற்காலத்தில் கேள்விக்குள்ளானது. 1988இல் ஃபிலிப் கோலரிட்ஜ் ஸ்மித் குழுவினர் வெள்ளணுக்களைக் கைகாட்டினார்கள்: ஓட்டம் மந்தமானதும் அவை நாளச் சுவரில் ஒட்டி, நொதிகளை வெளிவிட்டு, அழற்சியை மூட்டுகின்றன. எனக்கு இதுவே கூடுதல் பொருத்தமாகப் படுகிறது. தோல் வெறும் பட்டினி கிடந்தால் ஏன் இப்படி இறுகித் தடிக்க வேண்டும்? நீடித்த அழற்சிதான் கொழுப்படுக்கை நாராக்குகிறது. தந்துகிகள் அடைத்து மறைந்த இடங்கள் வெண்தழும்பாகின்றன. அங்கே சிறு கீறலும் ஆறாப் புண்ணாகலாம்.

நம் மாநிறத் தோலில் ஆரம்பச் சிவப்பும் பழுப்பும் எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. அதனால் விரலைத்தான் அதிகம் நம்ப வேண்டும்: அழுத்தினால் குழிவிழும் வீக்கம், கிள்ளி எடுக்க வராத இறுக்கம். நோயாளியை நிற்க வைத்தே பார்க்க வேண்டும். படுத்தால் சிரைகள் வடிந்துவிடும்.

வசந்த நகரில் ரத்தநாள மருத்துவத்துக்கென்றே ஜெயின் இன்ஸ்டிடியூட் ஆஃப் வாஸ்குலர் சயின்சஸ் இயங்கும் ஊர் இது. ஆகவே களிம்பிலேயே ஆண்டுகளைக் கழிக்க வேண்டியதில்லை. டூப்ளெக்ஸ் ஸ்கேன் பழுதான வால்வைக் காட்டிவிடும். அழுத்தக் காலுறை கசிவையும் வீக்கத்தையும் குறைக்கும்; ஆனால் தமனி ஓட்டத்தைச் சோதித்த பிறகே அணிய வேண்டும், சர்க்கரை நோயாளிகள் கட்டாயமாக. புண் வந்துவிட்டால் காத்திருப்பது நல்லதல்ல. பிரிட்டனில் 450 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், எல்லோரும் அழுத்தக் கட்டு போட்டிருந்தும், பழுதான சிரையை உடனே அடைத்தவர்களின் புண் ஆற இடைநிலையாக 56 நாள் ஆனது. தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள்.