டெவன் தோட்டமும் மலையக நிலப் போராட்டமும்

ஒரு மக்கட் கூட்டத்தினர் ஒரு நாட்டில் வேரூன்றினர் என்பதற்கு அவர்தம் குடியிருப்பே முதற்சான்றாகும். இலங்கையின் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்கோ அச்சான்று நெடுங்காலம் வாய்த்திலது. தோட்டக் காணிகளிற் புதுக் குடியிருப்புகள் அமைவதை அவர்கள் எதிர்த்த வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுண்மையினின்றே தொடங்குதல் வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் முடிக்குரியன என்றே கொள்ளப்படும் என விதித்தது. உரித்தை நிறுவும் பாரம் குடியானவன் தலைமேல் வீழ்ந்தது. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் சேனை செய்தும் கால்நடை மேய்த்தும் வந்த நிலங்கள் பல கோப்பித் தோட்டங்களாயின. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின், அவை தேயிலைத் தோட்டங்களாக மாறின. அங்கு உழைப்பதற்குத் தென்னிந்தியாவினின்று கொணரப்பட்டோருக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறையே. வேலை போயின் அவ்வறையும் போகும். ஆகவே, கிராமத்தவனை நிலமற்றவனாக்கிய அதே முறைமை, அந்நிலத்தில் உரிமையற்ற வேறொருவனைக் கொணர்ந்து இருத்தியது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் நிலமற்ற கிராமத்தவருக்குக் காணி வழங்கும் நோக்குடன் கிராம விஸ்தரிப்புத் திட்டங்கள் எழுந்தன. நோக்கம் நியாயமானதே, வழியோ இடர் விளைத்தது. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டக் காணி இதன்பொருட்டு அரசினாற் கையேற்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்த தொழிலாளரை வெளியேறுமாறு அறிவித்தல் பிறந்தது. அவர்கள் லயங்களை விட்டகல மறுத்தனர். 1946இல் அவர்களுக்கு ஆதரவாக எழுந்த வேலைநிறுத்தம் ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளுக்கும் பரவிற்று. இரண்டாண்டுகளின் பின் வந்த 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாதவர் குரல் சட்டசபைகளில் எங்ஙனம் ஒலிக்கும்?

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் நிலையை மீண்டும் கூர்மையாக்கின. நிலச்சுவாந்தரின் ஆதிக்கம் தளர்ந்தது. ஆயினும் பங்கீட்டின்போது தொழிலாளர் பயனாளிகளாக எண்ணப்பட்டிலர். நுவரெலியாப் பகுதியில் ஏறத்தாழ 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்கு வழங்கும் முயற்சி 1977இல் தொடங்கிற்று. காணி துண்டாடப்படின் கொழுந்து பறிக்கும் தொழிலும் லயமும் ஒருங்கே பறிபோம் என்பதைத் தொழிலாளர் உணர்ந்தனர். நில அளவையைத் தடுக்க அவர்கள் திரண்டனர். 1977 மே 11ஆம் நாள் டெவன் தோட்டத்திற் பொலிசார் சுட்டதிற் சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் உயிர்துறந்தார். மலையகமெங்கும் கொதிப்பு எழுந்தது. தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஈற்றில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இவ்வெதிர்ப்பை அயற்கிராமத்தவர்மீது கொண்ட பகைமையெனக் கொள்வது பொருந்தாது. தமக்கென அவர்கள் ஒரு துண்டு நிலமும் அன்று கோரினாரல்லர். உழைத்த மண்ணில் தொடர்ந்து உழைக்கவும், பிறந்த லயத்தில் தொடர்ந்து வாழவுமே கோரினர். ஒருவனது நிலமின்மையைத் தீர்ப்பதற்கு மற்றொருவனை வீடற்றவனாக்குதல் சீர்திருத்தமாகாது. இருவரும் ஒரே அநீதியின் இரு புறங்களில் நின்றவர் என்பதை அன்றைய ஆட்சியாளர் மறந்தனர்.

பிற்காலத்தில், தனி வீடும் 7 பேர்ச் காணியும் வழங்கும் திட்டங்கள் மலையகத்தில் உருப்பெற்றன. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகள் அமைக்கப்படுமென 2017 மே 12ஆம் நாள் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தேயிலை வளர்த்த சமூகத்துக்கு 7 பேர்ச் சிறிதெனினும், வேலையோடு பிணைந்த லயத்தினின்று உரித்துள்ள இல்லத்துக்கு எடுத்துவைத்த அடி அது. டெவனிற் சிந்திய குருதி அப்பாதையின் தொடக்கத்திலேயே படிந்துள்ளது என்பதை மாணவ உலகம் மறத்தலாகாது.