ஹாம் ரேடியோ பேண்டுகள்: இருநூறு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை

அமெச்சூர் வானொலி, அதாவது ஹாம் ரேடியோ, வருமானம் கருதாமல் தனிநபர்கள் அரசு உரிமம் பெற்று நடத்தும் கம்பியில்லாத் தொடர்பு. இதற்கென உலக நாடுகள் கூடிப் பேசி ஒதுக்கிவைத்த அலைவரிசைத் தொகுதிகளைத்தான் ஹாம்கள் ‘பேண்டு’ என்கிறார்கள். புதிதாக வருபவர்களை மிரட்டுவது 3.5, 7, 14, 21, 28, 144, 434 என்று மெகாஹெர்ட்ஸில் நீளும் எண்கள். இவற்றை மனப்பாடம் செய்வது வீண் வேலை. பெரும்பாலான எண்களுக்குப் பின்னால் ஒரு பேரமோ தற்செயலோ இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் எண் மறக்காது.

கணக்கு ஒன்றே ஒன்றுதான். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 42 மீட்டர் வரும். பேச்சு வழக்கில் அது ‘40 மீட்டர்’. 14.2 என்றால் ‘20 மீட்டர்’, 145 என்றால் ‘2 மீட்டர்’. எண் ஏற ஏற அலை குறுகும், ஆன்டெனாவும் குறுகும்.

பேண்டுகளின் வரலாறு ஒரு தண்டனையில் தொடங்குகிறது. 1912-இல் அமெரிக்கா இயற்றிய வானொலிச் சட்டம், கப்பல்களுக்கும் கடற்படைக்கும் இடைஞ்சலாக இருந்த அமெச்சூர்களை 200 மீட்டருக்கும் அதற்குக் கீழும் தள்ளிவிட்டது. நீண்ட அலைதான் நெடுந்தூரம் போகும், குறுகிய அலை ஒன்றுக்கும் உதவாது என்பது அன்றைய நிபுணர்களின் நம்பிக்கை. பயன்படாத புறம்போக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டதாகவே அவர்கள் நினைத்தார்கள். 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சிக்னல்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்காட்லாந்தில் கேட்டன. 1923 நவம்பரில் சுமார் 110 மீட்டரில் அமெரிக்காவும் பிரான்சும் இருவழியாகப் பேசிக்கொண்டன. 1924 அக்டோபர் 18 அன்று நியூசிலாந்தின் ஒடாகோ பகுதியில் இருந்த ஃபிராங்க் பெல், லண்டன் மில் ஹில் பள்ளி மாணவர் செசில் கோய்டருடன் தொடர்புகொண்டார். பூமிப்பந்தின் மறுபக்கத்தைத் தொட்டவர் ஒரு பள்ளிக்கூடப் பையன் என்பது நிபுணர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அதே 1924-இல் தமிழ்நாட்டுக் கதையும் தொடங்கிவிட்டது. மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 முதல் 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பு நடந்தது. ஆர்வலர்கள் கூடிக் கைக்காசு போட்டு நடத்திய நிலையம் அது. பணம் தீர்ந்ததும் 1927-இல் மூடினார்கள். கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்க, மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938-இல்தான். தமிழ் மண்ணில் வானொலியைக் கொண்டுவந்த பெருமை அரசாங்கத்துக்கு முன்பே அமெச்சூர்களுக்குச் சேர்ந்துவிட்டது. இந்திய அளவில் முதல் ஹாமாகக் குறிப்பிடப்படுபவர் 1921-இல் ஒலிபரப்பத் தொடங்கிய அமரேந்திர சந்திர குப்து.

‘உதவாத’ அலைகள் உலகைச் சுற்றுவது தெரிந்ததும் எல்லோருக்கும் அவை வேண்டியிருந்தன. 1927-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு அமெச்சூர்களுக்கு 160, 80, 40, 20, 10 மீட்டர் எனத் துண்டு துண்டாக இடம் வரையறுத்தது. 3.5, 7, 14, 28 ஆகியவை ஒன்றுக்கொன்று இரட்டிப்பாக இருப்பதைக் கவனிக்கலாம். அந்தக் கால டிரான்ஸ்மிட்டர்கள் தாம் அனுப்பும் அலைவரிசையோடு அதன் இரட்டிப்பையும் கொஞ்சம் கசியவிடும். இப்படி அமைந்தால் அந்தக் கசிவு ஹாம்களின் பேண்டிலேயே விழும். அடுத்தவர் காதில் விழாது. 7-இன் மும்மடங்கான 21 மெகாஹெர்ட்ஸ், 1947 அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில் சேர்ந்தது. 1979 ஜெனீவா மாநாட்டில் வந்த 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள் இந்த வாய்ப்பாட்டுக்குள் அடங்காதவை. அவற்றில் போட்டிகள் நடத்துவதில்லை என்பது ஹாம்கள் தமக்குள் வைத்துக்கொண்ட ஒழுங்கு.

நாற்பது மீட்டருக்கு மட்டும் ஒரு நெடிய வழக்கு உண்டு. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் 7.1-க்கு மேற்பட்ட பகுதியைச் சிற்றலை வானொலி நிலையங்கள் எடுத்துக்கொண்டன. இரவில் அந்தப் பக்கம் திருப்பினால் பெரிய நிலையங்களின் இரைச்சலில் ஹாம்களின் குரல் காணாமல் போகும். 2003-இல் கூடிய உலக வானொலி மாநாட்டின் முடிவுப்படி 2009 மார்ச் 29 முதல் 7.2 வரை மீண்டும் அமெச்சூர்களுக்கு வந்தது. இன்று இந்திய ஹாமின் 40 மீட்டர் என்பது 7.000 முதல் 7.200 வரை.

இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருந்து தொடங்குபவருக்கு இந்த வரலாற்றோடு நில அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ஊர்களுக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 2 மீட்டர் பேண்டு ஏறக்குறைய நேர்கோட்டில் போகும் அலை. உயரம்தான் அதற்கு எல்லாம். ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் 192 அடி. அவ்வளவு உயரத்திலிருந்து, தரைமட்டத்தை நோக்கி, கணக்குப்படி சுமார் 30 கிலோமீட்டர் தூரத்துக்கு அலை எட்டும். கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் தென்மாவட்டங்களின் பெரும்பகுதிக்குக் கேட்பது மலை உச்சியில் நிற்பதால்தான். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை ஹாம்கள் மலைமேல் வைப்பதும் இதே காரணத்துக்காக. ஆனால் மலை நடுவில் குறுக்கிட்டால் அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சிக்னல் தேய்ந்துபோகும். மலையடிவாரத்தில் கைக்கருவியை வைத்துக்கொண்டு மறுபக்கத்துக் கேரள நண்பரை நேரடியாகக் கூப்பிடுவது பெரும்பாலும் தொண்டைத் தண்ணீர் வற்றும் வேலைதான்.

இங்கே கைகொடுப்பது 7 மெகாஹெர்ட்ஸ். அரை அலை டைபோல் ஆன்டெனாவின் நீளம் 142.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கிடைக்கும், 7.1-க்கு 20 மீட்டர். நடுவில் கோஆக்சியல் கேபிள், இரு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் செம்புக் கம்பி, முனைகளில் இன்சுலேட்டர், கட்டுவதற்கு நைலான் கயிறு. இரண்டு தென்னை மரங்களோ மொட்டைமாடியில் ஊன்றிய இரண்டு கம்பங்களோ போதும். இவ்வளவு தாழ்வாகக் கட்டிய கம்பி அலையைப் பெரும்பாலும் மேல்நோக்கி அனுப்பும். வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டு அது குடைபோல விரிந்து இறங்கும்போது மலை குறுக்கே நிற்பதில்லை. பகலில் சென்னை, பெங்களூரு, கொழும்பு. இரவில், தாழ்ந்த அடுக்கின் உறிஞ்சுதல் மறைந்ததும், தென்கிழக்கு ஆசியாவும் ஐரோப்பாவும். சாதாரண சிற்றலை ரேடியோவில் இந்தக் குரல்கள் புரியாமல் குழறும்; ‘லோயர் சைடுபேண்டு’ வசதி உள்ள ரிசீவர் தேவை. 14 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் ‘அப்பர் சைடுபேண்டு’ வழக்கம்.

மேல் பேண்டுகள் சூரியனைப் பார்த்து நடப்பவை. 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் பெருகும்போது 21, 28 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகளில் சில வாட்டுகளே கண்டம் தாண்டும். புள்ளிகள் குறைந்தால் 28 மெகாஹெர்ட்ஸ் பேண்டு மாதக்கணக்கில் வெறிச்சோடும். இந்தப் புள்ளிகளை 1904 முதல் படம்பிடித்துவருவது கொடைக்கானல் வானாய்வகம். பூமியின் காந்த நடுக்கோடு தென்தமிழகத்தை ஒட்டிச் செல்வதால் அயனி மண்டல ஆய்வுக்கும் இப்பகுதி பேர்போனது. திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் அதற்கென ஆய்வகமே இருக்கிறது.

சிற்றலையின் மதிப்பு 2004 டிசம்பர் 26 அன்று ஊரறியத் தெரிந்தது. பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு வி.யு.4ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக் குறியோடு உலக ஹாம்களுடன் பேசுவதற்காக அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தது. சுனாமி தாக்கித் தொலைபேசிகள் செத்ததும் அதே கருவிகள் தீவுகளின் செய்தியை வெளியே கொண்டுசென்றன. அடுத்த ஆண்டு மே 5 அன்று இந்தியா ஹாம்களுக்கென்றே ‘ஹாம்சாட்’ செயற்கைக்கோளை பி.எஸ்.எல்.வி. சி-6 ஏவுகலத்தில் அனுப்பியது. 435 மெகாஹெர்ட்ஸில் பேசியதை 145-இல் திருப்பித் தந்தது. 2014 வரை உழைத்தது.

பேசுவதற்கு உரிமம் கட்டாயம். குறைந்தபட்ச வயது 12. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தேர்வு நடத்துகிறது. 2009 திருத்தத்துக்குப் பின் இரண்டு நிலைகள்: ரெஸ்டிரிக்டட், ஜெனரல். முதலாவதற்கு மோர்ஸ் தேவையில்லை. அழைப்புக் குறி வி.யு.3 என்று தொடங்கும். இரண்டாவதற்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும், குறி வி.யு.2. கடையில் கிடைக்கும் எல்லா வாக்கி-டாக்கியும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உரிமமின்றிப் பேச விட்டிருப்பது 446.0 முதல் 446.2 வரை, அதுவும் குறைந்த சக்தியில். ஹாம்களின் 434 முதல் 438 வரை அதன் பக்கத்து வீடு. உரிமமில்லாதவர் அங்கே பிரஸ்-டு-டாக் பொத்தானை அழுத்துவது குற்றம்.

புதியவர்கள் பெரும்பாலும் விலை குறைவு என்று கைக்கருவியைத்தான் முதலில் வாங்குகிறார்கள். சமவெளி நகரத்தில் ரிப்பீட்டர் எட்டும் தூரத்தில் இருப்பவருக்கு அது சரி. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முதல் காசு 40 மீட்டர் டைபோலுக்கும் ஒரு நல்ல ரிசீவருக்கும் போக வேண்டும். கைக்கருவி இரண்டாம் ஆண்டுக்குக் காத்திருக்கலாம்.