மேடையில் வாசித்தவர்களும் திரையில் தெரிந்தவர்களும்

ராக் இசை என்றதும் பலருக்கு ஒரு காட்சி நினைவுக்கு வரும். மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்த ஒருவர் தன் கிடாருக்குத் தானே தீ வைக்கிறார். அவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். இடம், கலிபோர்னியாவில் உள்ள மான்டரே. நாள், 1967 ஜூன் 18. அந்த ராத்திரி மேடைக்கு எதிரே இருந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஆனால் அந்தத் தீயைப் பார்த்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். காரணம், டி.ஏ. பென்னிபேக்கர் என்ற இயக்குனர் விழாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "மான்டரே பாப்" என்ற அந்தப் படம் 1968-ல் வெளியானது.

அந்தக் காலத் திறந்தவெளி ராக் விழாக்களில் "மறக்க முடியாதவை" என்று யார் பட்டியல் போட்டாலும் பெரும்பாலும் அதே பெயர்கள்தான் வரும். அவர்கள் நன்றாக வாசித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது பாதிக் காரணம். கேமரா அவர்களைப் பதிவு செய்தது என்பதுதான் மீதிப் பாதி!

மான்டரே, 1967

அன்று ராத்திரி இன்னொரு பிரச்சினையும் இருந்தது. இங்கிலாந்தின் "தி ஹூ" குழுவும் தங்கள் நிகழ்ச்சியின் முடிவில் கிடாரை அடித்து நொறுக்குபவர்கள். ஹென்ட்ரிக்ஸுக்குப் பின்னால் போக அவர்களுக்கு மனமில்லை. அவர்களுக்குப் பின்னால் போக ஹென்ட்ரிக்ஸுக்கும் மனமில்லை. கடைசியில் காசு சுண்டிப் பார்த்தார்கள். தி ஹூ முதலில் ஏறியது, கிடார் உடைந்தது. பிறகு ஹென்ட்ரிக்ஸ் ஏறினார், கிடார் எரிந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குழு வாசித்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அது "க்ரேட்ஃபுல் டெட்". அவர்கள் படத்தில் இடம்பெறச் சம்மதிக்கவில்லை. அதனால் அந்த ராத்திரியின் கதையைச் சொல்பவர்கள் அவர்களைத் தாண்டியே போய்விடுகிறார்கள்.

ஜானிஸ் ஜாப்ளின் கதை இதற்கு நேர்மாறானது. அவர் பாடிய "பிக் பிரதர்" குழு சனிக்கிழமை மேடை ஏறியது. கூட்டம் அசந்துபோனது. ஆனால் குழுவின் மேனேஜர் படம் பிடிக்க அனுமதிக்கவில்லை. கேமரா ஓடாத அந்த நிகழ்ச்சி அதோடு முடிந்துபோயிருக்கும். இழப்பு என்ன என்பது குழுவுக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கேமராவுக்காகவே மீண்டும் பாடினார்கள். இன்று நாம் பார்ப்பது அந்த இரண்டாவது முறையைத்தான். அடுத்த ஆண்டு வந்த அவர்களுடைய ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

உட்ஸ்டாக், 1969

பெயர்தான் உட்ஸ்டாக். விழா நடந்தது அந்த ஊரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, பெத்தெல் என்ற இடத்தில், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால் பண்ணையில். ஆகஸ்ட் 15 முதல் 18 காலை வரை. மூன்று நாளுக்கு முன்பதிவு டிக்கெட் 18 டாலர். வேலி கட்டி முடிப்பதற்குள் கூட்டம் உள்ளே வந்துவிட்டதால் விழாவை இலவசம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. நான்கு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். சாலைகள் அடைத்துக்கொண்டதால் இசைக்கலைஞர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். முதல் நாள் ஆசியுரை வழங்கியவர் கோவை அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. மேடையில் அவருக்குப் பின்னாலிருந்து எடுத்த புகைப்படத்தில்தான் அந்தக் கூட்டத்தின் அளவு புரியும்.

சனிக்கிழமை மதியம் "சந்தானா" ஏறியது. அவர்களுடைய முதல் ஆல்பமே அப்போது கடைக்கு வரவில்லை. பெரும்பாலானோருக்கு இவர்கள் யாரென்றே தெரியாது. டிரம்ஸ் வாசித்த மைக்கேல் ஷ்ரீவுக்கு வயது 20. இயக்குனர் மைக்கேல் வாட்லியின் கேமரா அந்த இளைஞனை விடவே இல்லை. ஆல்பம் அந்த மாதமே வெளிவந்து அமெரிக்கப் பட்டியலில் 4-வது இடம் வரை போனது. 1970-ல் படமும் வந்தபோது சந்தானா உலகம் அறிந்த பெயராகிவிட்டது.

அதே சனிக்கிழமை ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். "க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல்" அப்போது அமெரிக்காவின் உச்சத்தில் இருந்த குழு. 1969-ல் மட்டும் மூன்று ஆல்பங்கள்! இந்த விழாவுக்கு முதலில் கையெழுத்துப் போட்ட பெரிய குழு அவர்கள்தான், சம்பளம் 10,000 டாலர். அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்ற பெரிய பெயர்களும் நம்பி வந்தன. ஆனால் அவர்களுக்கு முன்னால் வாசித்தது... மறுபடியும் க்ரேட்ஃபுல் டெட். மழையில் நனைந்த மேடையில் கிடாரைத் தொட்டால் ஷாக் அடித்தது. நேரம் இழுத்துக்கொண்டே போனது. க்ரீடன்ஸ் ஏறும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. எதிரே கூட்டம் சேற்றில் தூங்கிக்கொண்டிருந்ததாகப் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி பின்னாளில் சொன்னார். நிகழ்ச்சி அவருக்குத் திருப்தி தரவில்லை. படத்தில் சேர்க்க மறுத்துவிட்டார். குழுவின் பேஸ் கிடார் கலைஞர் ஸ்டூ குக்குக்கு அதில் உடன்பாடு இல்லை, நன்றாகத்தான் வாசித்தோம் என்பது அவர் கட்சி. அந்த முழு நிகழ்ச்சியும் ஆல்பமாக வர 2019 ஆயிற்று. சரியாக 50 ஆண்டுகள்!

ஹென்ட்ரிக்ஸோ திங்கட்கிழமை காலையில்தான் வாசித்தார். அதற்குள் பெரும்பாலானோர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர் கிடாரில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்ததை நேரில் கேட்டவர்கள் வந்த கூட்டத்தில் ஒரு சிறு பகுதியே. ஆனாலும் உட்ஸ்டாக்கின் உச்சம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஏனென்றால் அது படத்தில் இருக்கிறது.

வணிகக் கணக்கும் அதையே சொல்கிறது. விழா நடத்தியவர்களுக்கு நஷ்டம் பத்து லட்சம் டாலருக்கும் மேல். அந்தக் கடனை அடைக்கப் பல வருடங்கள் உதவியது படமும் இசைத்தட்டும்தான். படம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது.

அல்டமான்ட், 1969

நான்கு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 6 அன்று கலிபோர்னியாவின் அல்டமான்ட் கார் பந்தயத் திடலில் ரோலிங் ஸ்டோன்ஸ் இலவச நிகழ்ச்சி நடத்தியது. கூட்டம் சுமார் 3 லட்சம். மேடை மிகவும் தாழ்வு. காவலுக்கு "ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்" என்ற மோட்டார் சைக்கிள் கும்பல். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் பாடகர் மார்ட்டி பாலினை அடித்து மயங்க வைத்தார்கள். நிலைமையைப் பார்த்த க்ரேட்ஃபுல் டெட் வாசிக்காமலே திரும்பிப் போனது.

ஸ்டோன்ஸ் பாடும்போது மேடைக்கு முன்னால் மெரிடித் ஹன்டர் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். மேசல்ஸ் சகோதரர்களின் கேமராவில் அது பதிவானது. ஹன்டர் கையில் துப்பாக்கி தெரிந்த அந்தக் காட்சி 1971-ல் நீதிமன்றத்தில் காட்டப்பட்டது. குத்தியவர் தற்காப்புக்காகச் செய்தார் என்று ஜூரி விடுவித்தது.

உட்ஸ்டாக் சொர்க்கம், அல்டமான்ட் நரகம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். உட்ஸ்டாக்கிலும் சாவு உண்டு, பசி உண்டு, ஷாக் அடித்த மேடை உண்டு. அல்டமான்ட்டிலும் அன்று ஸ்டோன்ஸ் நன்றாகவே வாசித்தது என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டு நாட்களும் நம்மிடம் வந்து சேர்ந்தது இரண்டு படங்களாகத்தான்.

அடுத்த முறை "உலகின் தலைசிறந்த 10 மேடை நிகழ்ச்சிகள்" என்று ஒரு பட்டியல் கண்ணில் பட்டால், அதில் எத்தனை படமாக்கப்பட்டவை என்று எண்ணிப் பாருங்கள். பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கி, க்ரீடன்ஸின் அந்த நள்ளிரவு ஆல்பத்தைக் கேளுங்கள். தூங்கிப்போன கூட்டம் எதைத் தவறவிட்டது என்று தெரியும்.