நள்ளிரவு ரம்மியும் ஆதார் எண்ணும்: தனியுரிமை வாதம் கோர்ட்டில் ஏன் தோற்றது?

ஒரு ஆப்பில் உங்கள் சொந்தப் பணத்தைக் கட்டி ரம்மி ஆடுகிறீர்கள். உங்களுக்கு வயது 28. சட்டப்படி அது திறமை விளையாட்டு. அப்படியிருக்க, இரவு 12 மணிக்கு மேல் ஆடக் கூடாது, ஆதார் எண் கொடுத்தால்தான் உள்ளே நுழையலாம் என்று அரசு சொல்ல முடியுமா? அது உங்கள் தனியுரிமையில் தலையிடுவது ஆகாதா?

இந்தக் கேள்விக்கு 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பதில் சொன்னது: முடியும். அந்தப் பதிலுக்கு எப்படி வந்தார்கள் என்பது ரம்மி ஆடாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

வழக்கு எங்கே தொடங்கியது?

2021-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுத் தடையை அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு புதிய சட்டம் வந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டப்பேரவை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் நடுவழித் தீர்ப்பு ஒன்றைக் கொடுத்தது: சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றைத் தடை செய்ய முடியாது. ஒழுங்குபடுத்தலாம்.

அந்த 'ஒழுங்குபடுத்தலாம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 2025 பிப்ரவரியில் விதிமுறைகள் வந்தன. முக்கியமானவை இவை:

• 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அனுமதி இல்லை.
• கணக்குத் தொடங்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். ஆதாரோடு இணைந்த போனுக்கு ஓ.டி.பி. வரும்.
• இரவு 12 முதல் காலை 5 மணி வரை லாகின் கிடையாது.
• தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் எச்சரிக்கை வரும். அதன்பிறகு அரை மணிக்கு ஒருமுறை வரும்.

பிளே கேம்ஸ் 24×7 உள்ளிட்ட நிறுவனங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன.

'தனியுரிமை' என்று சொன்னால் போதுமா?

போதாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் அது எல்லையில்லாத உரிமை இல்லை. அரசு அதில் தலையிட வேண்டுமென்றால் மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும்.

1. தலையீட்டுக்குச் சட்டத்தின் ஆதரவு இருக்கிறதா?
2. நோக்கம் நியாயமானதா?
3. அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவு மட்டும்தான் தலையிடுகிறார்களா?

முதல் இரண்டிலும் இந்த வழக்கில் அரசுக்குப் பெரிய சிக்கல் இல்லை. சட்டம் இருக்கிறது, சிறுவர்களைக் காப்பது, அடிமைத்தனத்தையும் கடனையும் தடுப்பது என்ற நோக்கமும் இருக்கிறது. உண்மையான சண்டை மூன்றாவதில்தான்.

நிறுவனங்களின் வாதம் என்ன?

வயதைச் சரிபார்க்க வேண்டும், சரி. அதற்கு ஏன் ஆதார் மட்டும்? பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எல்லாம் இருக்கிறதே? இந்த வாதத்துக்கு 2018 ஆதார் தீர்ப்பில் பிடிமானம் உண்டு. பான் அட்டையோடு ஆதாரை இணைப்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றது. ஆனால் வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியதை ஏற்கவில்லை. கறுப்புப் பணத்தைப் பிடிக்கிறோம் என்று சொல்லி எல்லா வாடிக்கையாளரையும் சந்தேகப்படுவது அளவு மீறியது என்றது.

இரவு நேரத் தடைக்கும் இதே போன்ற கேள்விதான்: வயது வந்தவர் தன் பணத்தில் எந்த நேரத்தில் ஆட வேண்டும் என்பதை அரசு ஏன் முடிவு செய்ய வேண்டும்?

நீதிமன்றம் ஏன் ஏற்கவில்லை?

நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், கே.ராஜசேகர் அமர்வு மூன்று காரணங்களைச் சொன்னது. ஒன்று, தனியுரிமைக்கு அதற்கே உரிய வரம்புகள் உண்டு. வலுவான பொதுநலனோடு மோதும்போது தராசு பொதுநலன் பக்கம் சாயலாம். இரண்டு, மற்ற ஆவணங்களை விட ஓ.டி.பி.யோடு வரும் ஆதார் சரிபார்ப்பு நம்பகமானது. மூன்று, இது மக்களின் உடல்நலம் சார்ந்த பிரச்னை. அதில் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இரண்டாவது காரணம். 'ஆதார் நம்பகமானது' என்பதும் 'ஆதார் இல்லாமல் இந்த நோக்கம் நிறைவேறாது' என்பதும் ஒன்றல்ல. மூன்றாவது சோதனை கேட்பது பின்னதைத்தான். அப்பாவின் ஆதாரையும் போனையும் எடுத்து ஓ.டி.பி. போடும் 15 வயதுப் பையனை இந்த விதி எப்படித் தடுக்கும்? அதே நேரம், சேமிப்பை இழந்த குடும்பங்களின் பக்கமிருந்து பார்த்தால், ஒரு ஓ.டி.பி. பெரிய விலையாகத் தெரியாது. இரண்டு பக்கமும் எடை இருப்பதால்தான் இது கடினமான வழக்கு.

இப்போது நிலைமை என்ன?

இரண்டரை மாதத்தில் ஆட்டமே மாறிவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையா அதிர்ஷ்டமா என்ற வித்தியாசமே பார்க்காமல் தடை செய்யும் மத்திய சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட வழக்குகளை செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

அப்படியென்றால் ஜூன் தீர்ப்பு வீணா?

இல்லை. 'சிறுவர்களைக் காக்க எல்லோரும் அடையாளத்தைக் காட்டுங்கள்' என்ற கோரிக்கை ரம்மியோடு நிற்காது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே 18 வயதுக்குக் கீழானவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. யார் சிறுவர் என்று கண்டுபிடிக்க, யார் பெரியவர் என்றும் கேட்டாக வேண்டும். அடுத்த முறை ஒரு ஆப் உங்கள் ஆதாரைக் கேட்டால் அந்த மூன்றாவது சோதனையைக் கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள்: இதை விடக் குறைவாகக் கேட்டு இதே வேலையை முடிக்க முடியாதா?