கண்ணழுத்த நோய் (கிளாக்கோமா)

விழியிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பின் இழைகள் மெல்ல மெல்ல அழிந்து, பார்வை ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வரும் நோய். கண்ணின் முன்பகுதியில் ஓயாமல் ஊறும் தெளிந்த நீர், கருவிழியின் விளிம்பை ஒட்டியுள்ள கோணத்தில் சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. அந்த வடிகால் அடைபட்டால் விழிக்குள் அழுத்தம் ஏறி நரம்பைப் பாதிக்கும். ஆனால் அழுத்தம் ஏறாமலேயும் நரம்பு அழியலாம்.

ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்கள் முதியோரின் நோய்களுள் ஒன்றாக இதன் பெயரைச் சொல்கின்றன. எனினும் நெடுங்காலம் இது கண்புரையோடு சேர்த்தே குழப்பிக்கொள்ளப்பட்டது. 1622இல் ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் பானிஸ்டர், குணப்படுத்த முடியாத சில கண்களை இமைமேல் தொட்டுப் பார்த்தால் இயல்பைவிடக் கெட்டியாக இருப்பதை எழுதிவைத்தார். கூர்மையான அந்தக் கவனிப்பைப் பின்வந்த தலைமுறைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்நோக்கியை அறிமுகப்படுத்திய பிறகே உயிருள்ள மனிதரின் பார்வை நரம்பைக் காண முடிந்தது. அப்போதும் முதலில் தவறு நேர்ந்தது: நோயுற்ற நரம்பின் முனை வீங்கிப் புடைத்திருப்பதாகவே பெர்லின் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே கருதினார். உண்மையில் அது குழிந்திருந்தது. அவர் விரைவிலேயே திருத்திக்கொண்டார். 1857இல், கண்பாவையைச் சூழ்ந்த திரையில் ஒரு துண்டை வெட்டியெடுத்தால் திடீரென வலியுடன் தாக்கும் வகை தணியும் என்று அறிவித்தார். அதுவரை கைவிடப்பட்ட நோய்க்கு வந்த முதல் உறுதியான சிகிச்சை அது. 1876இல் லுட்விக் லக்குவர், கலபார் அவரையிலிருந்து எடுத்த மருந்தைச் சொட்டாக இட்டு அழுத்தத்தைக் குறைத்தார். அவரே இந்நோய்க்கு ஆளானவர்.

அழுத்தத்தை அளப்பதற்கு அக்காலத்தில் விரல்களே கருவி. நோயாளியைக் கீழ்நோக்கிப் பார்க்கச் சொல்லி, இரு ஆள்காட்டி விரல்களையும் மேலிமையில் வைத்து மாறி மாறி மெல்ல அழுத்துவார்கள். விழி எவ்வளவு நெகிழ்கிறது என்பதே கணக்கு. 1884இல் கார்ல் கோலர் கொக்கைன் சொட்டால் கண்ணை மரக்கச் செய்தது பெரிய திருப்பம். அதன்பின் கருவிழியின் மேலேயே கருவியை வைக்க முடிந்தது. 1905இல் நார்வேயின் ஷியோட்ஸ் செய்த கருவி, படுத்திருக்கும் நோயாளியின் கருவிழியில் சிறு எடையுள்ள தண்டு எவ்வளவு அமிழ்கிறது என்று காட்டியது. 1950களில் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் கோல்ட்மன் உருவாக்கிய கருவி இன்றும் அளவுகோலாக நிற்கிறது.

அறுவை வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909இல் விழியின் வெண்சுவரும் கருவிழியும் சேரும் விளிம்பில் சிறு வட்டத் துளையிட்டு, தேங்கிய நீரை வெண்படலத்தின் அடியில் வடியச் செய்தார். கிளாஸ்கோவில் ஃபெர்கஸும் ஏறத்தாழ அதே காலத்தில் துளையிட்டார். ஆனால் முறையைச் செம்மைப்படுத்தி உலகெங்கும் பரப்பியது எலியட்தான். துளைக்கு மேலே மெலிந்துபோன படலம் வழியாகப் பின்னாளில் கிருமி புகுந்ததால் அம்முறை வழக்கொழிந்தது. 1968இல் கேம்பிரிட்ஜின் கெய்ர்ன்ஸ் அறிமுகப்படுத்திய, துளையை மெல்லிய மடலால் மூடும் அறுவை அதன் இடத்தைப் பிடித்தது. 1978இல் டிமோலால், 1996இல் லட்டானோபிராஸ்ட் என்னும் சொட்டு மருந்துகள் அமெரிக்க அனுமதி பெற்ற பின் கத்தியின் தேவை வெகுவாகக் குறைந்தது.

இயல்பான அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் என்பது ஆயிரக்கணக்கானோரை அளந்து கிடைத்த புள்ளியியல் எல்லை மட்டுமே. அதை நோயின் எல்லையாகக் கொண்டது பலருக்குக் கேடாய் முடிந்தது. ஜப்பானின் தஜிமி நகர ஆய்வில், வடிகால் கோணம் திறந்தே இருக்கும் ‘திறந்த கோண’ வகையினரில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் அழுத்தம் 21ஐத் தாண்டவில்லை. மறுபுறம், 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு, அழுத்தம் மிகுந்தோரில் சொட்டு மருந்து போடாதவர்களுக்கு ஐந்தாண்டில் 9.5 சதவீதமும் போட்டவர்களுக்கு 4.4 சதவீதமும் நோய் தோன்றியதாகக் காட்டியது. கருவிழி மெல்லியதாக இருப்போருக்கு ஆபத்து கூடுதல் என்பதும் அதில் தெரிந்தது. ஆக, அழுத்தத்தைக் குறைப்பதே இன்றும் ஒரே சிகிச்சை. நோயைக் கண்டறிய மட்டும் அது போதாது.

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டச் சிற்றூர்களில் 40 வயதைத் தாண்டியோரிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில் 2.6 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது. திறந்த கோண வகையினரில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் அதுவரை அதை அறியவே இல்லை. வலி இல்லை, சிவப்பில்லை, எழுத்தும் நன்றாகத் தெரியும், தெரிந்திருக்க வழியில்லை. இழந்த பார்வை திரும்பாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால், 40 வயதுக்குக் காத்திராமல் கண் மருத்துவரிடம் சென்று, அழுத்தத்தோடு பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.